ஜாதிகள்மேல் வந்த பாரம்: தீர்க்கதரிசிகளின் நியாயத்தீர்ப்பு அதிகாரங்களைப் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஒரு வருஷத்தில் வேதாகமத்தை வாசித்து முடிக்க அட்டவணை போட்டவர்கள், ஏசாயா 13-ஆம் அதிகாரம் வந்ததும் வேகத்தைக் கூட்டிவிடுவார்கள். பாபிலோன், மோவாப், தீரு, ஏதோம் என்று ஊர்ப்பெயர்களும் 'ஐயோ'க்களுமாகப் பதினோரு அதிகாரம் ஓடும். வேதபாட வகுப்பில் இந்தப் பகுதிகளை நடத்தும்போது திரும்பத் திரும்ப வந்த கேள்விகளை இங்கே தொகுத்திருக்கிறேன். பெயர்களும் மேற்கோள்களும் பழைய மொழிபெயர்ப்பின்படி.

எந்தெந்தப் பகுதிகளைப் பற்றிப் பேசுகிறோம்?

ஏசாயா 13 முதல் 23 வரை, எரேமியா 46 முதல் 51 வரை, எசேக்கியேல் 25 முதல் 32 வரை, ஆமோஸ் முதல் இரண்டு அதிகாரங்கள், செப்பனியா 2. இருபத்தொரே வசனமுள்ள ஒபதியா முழுக்க ஏதோமைப் பற்றியது. நாகூம் முழுக்க நினிவேயைப் பற்றியது. யோவேல் 3, சகரியா 9 ஆகியவற்றையும் சேர்த்துக்கொள்ளலாம். ஓசியாவில் இப்படித் தனிப்பகுதி கிடையாது.

'ஜாதிகள்' என்றால் நம் ஊர் ஜாதியா?

இல்லை. ஆனால் கேள்வி நியாயமானது. "ஜாதிகள் கொந்தளித்து" என்ற இரண்டாம் சங்கீதத்தை முதன்முறை வாசிக்கிற பிள்ளைக்கு வேறென்ன தோன்றும்? எபிரெயத்தில் உள்ள சொல் 'கோய்', பன்மையில் 'கோயிம்'. ஒரு நாட்டில் ஒரு அரசனுக்குக் கீழ் வாழும் மக்கள் கூட்டம் என்பதே அதன் பொருள். பிறப்பால் ஒன்றான கூட்டம் என்ற பழைய பொருளில் மொழிபெயர்ப்பாளர்கள் 'ஜாதி' என்று போட்டார்கள். கத்தோலிக்கர் பயன்படுத்தும் திருவிவிலியம் இந்தச் சிக்கலில் மாட்டாமல் 'மக்களினம்', 'வேற்றினத்தார்' என்று போகிறது.

ஒன்றைக் கவனிக்க வேண்டும். 'கோய்' என்பது வெளியாரை மட்டும் குறிக்கும் வசைச்சொல்லாக இருக்கவில்லை. ஆபிரகாமுக்குச் சொன்ன "பெரிய ஜாதி"யும், யாத்திராகமம் 19:6-இல் இஸ்ரவேலுக்குச் சொன்ன "பரிசுத்த ஜாதி"யும் அதே சொல்தான். ஆகவே 'ஜாதிகளின் நியாயத்தீர்ப்பு' என்றால் இஸ்ரவேல் தீர்ப்புக்கு வெளியே பார்வையாளர் மாடத்தில் உட்கார்ந்திருக்கிறது என்று கொள்ள வேண்டாம்.

'பாரம்' என்பது என்ன?

"ஏசாயா கண்ட பாரம்" என்று வருமிடத்தில் மூலச்சொல் 'மஸ்ஸா'. தூக்குவது என்ற வேரிலிருந்து வந்தது. தோளில் தூக்கினால் சுமை. குரலைத் தூக்கினால் அறிவிப்பு. இரண்டும் அதற்குள் இருக்கிறது. எரேமியாவின் காலத்தில் இந்தச் சொல்லை ஜனங்கள் கேலிக்கு எடுத்துக்கொண்டு, "கர்த்தரின் பாரம் என்ன?" என்று கேட்டுத் திரிந்திருக்கிறார்கள். அவர் பொறுமையிழந்து, இனி அந்த வார்த்தையையே எடுக்காதீர்கள் என்று தடை போடுகிறார் (23:33-40).

முதலில் எதை வாசிப்பது?

ஆமோஸை. மற்றவற்றை வாசிக்கிற கண்ணை அந்த இரண்டு அதிகாரங்கள் கொடுத்துவிடும்.

ஆமோஸ் தெற்கே யூதாவிலுள்ள தெக்கோவா ஊர்க்காரன். மந்தை மேய்த்து, காட்டத்திப்பழம் பொறுக்கிப் பிழைத்தவன். கி.மு. 760 வாக்கில் எல்லை தாண்டி வடக்கே இஸ்ரவேல் ராஜ்யத்துக்குப் போய்ப் பேசுகிறான். அப்போது அங்கே இரண்டாம் யெரொபெயாம் ஆண்டுகொண்டிருந்தான். செழிப்பான காலம், யானைத்தந்தக் கட்டில்களில் படுத்திருந்தவர்களை ஆமோஸே கடிந்துகொள்கிறான். சமாரியாவைத் தோண்டியவர்களுக்குத் தந்தச் செதுக்குத் துண்டுகள் நிறையக் கிடைத்தன.

அந்தக் கூட்டத்துக்கு முன்னால் நின்று அவன் எதிரிகளின் பெயர்களை வாசிக்கத் தொடங்குகிறான். "தமஸ்குவின் மூன்று பாதகங்களினிமித்தமும், நாலு பாதகங்களினிமித்தமும், நான் அவர்கள் ஆக்கினையைத் திருப்பமாட்டேன்." வடகிழக்கே தமஸ்கு. அடுத்து தென்மேற்கே காத்சா, இன்றைய காசா. வடமேற்கே தீரு. தென்கிழக்கே ஏதோம், பிறகு அம்மோன், மோவாப். ஒவ்வொரு பெயருக்கும் கூட்டத்தில் தலைகள் ஆடியிருக்கும். ஏழாவதாக யூதா, பேசுகிறவனின் சொந்த நாடு. வடக்கத்தியாருக்கு அதுவும் இனிப்பாகத்தான் இருந்திருக்கும். ஏழோடு முடிந்தது என்று நினைக்கும்போது எட்டாவது பெயர் வருகிறது: இஸ்ரவேல். மற்றவர்களுக்கு இரண்டு மூன்று வசனம். இவர்களுக்கு அதிகாரத்தின் மீதி முழுவதும். "நீதிமானைப் பணத்துக்கும், எளியவனை ஒரு ஜோடு பாதரட்சைக்கும்" விற்ற குற்றம். சுற்றிச் சுற்றி வளைத்த கயிறு கடைசியில் கேட்டுக்கொண்டிருந்தவர்களின் கழுத்தில் விழுகிறது.

தீரு, ஏதோம், யூதா ஆகிய மூன்றும் பின்னால் சேர்க்கப்பட்டவை என்று கருதும் அறிஞர்கள் உண்டு. அப்படியே இருந்தாலும் அந்த வளையத்தின் வேலை மாறவில்லை.

மோசேயின் நியாயப்பிரமாணமே தெரியாத நாடுகளை எந்தச் சட்டத்தின்படி கர்த்தர் தீர்க்கிறார்?

வகுப்பில் வந்தவற்றில் மிகச் சிறந்த கேள்வி இது. பதிலுக்குக் குற்றப்பட்டியலைப் பாருங்கள். தமஸ்கு இஸ்ரவேலின் கீலேயாத் பகுதியை இருப்புக் கருவிகளால் போரடித்தது. காத்சா ஒரு ஊரையே சிறைபிடித்து ஏதோமுக்கு விற்றது. தீருவும் அதே வியாபாரம்தான், போதாததற்குச் சகோதர உடன்படிக்கையை மறந்தது. அம்மோன் தன் எல்லையை விரிக்கக் கர்ப்பவதிகளைக் கீறியது. இந்த ஆறு நாடுகளில் ஒன்றின்மேலும் விக்கிரக வணக்கம் குற்றமாகச் சாட்டப்படவில்லை. ஓய்வுநாள் மீறல் இல்லை, பலி செலுத்தாத குற்றம் இல்லை. பிரமாணத்தை மீறிய குற்றம் யூதாவுக்கு மட்டும், ஏனென்றால் அது அவர்கள் கையில்தான் இருந்தது.

மோவாபின் குற்றம் எனக்கு எப்போதும் வியப்பு. மோவாபியர் ஏதோம் ராஜாவின் எலும்புகளைச் சுட்டுச் சுண்ணாம்பாக்கினார்கள். இதில் இஸ்ரவேலுக்கு எந்த நஷ்டமும் இல்லை. இரண்டு அந்நிய நாடுகளுக்குள் நடந்த காரியம். செத்தவனும் இஸ்ரவேலின் எதிரி. ஆனாலும் அது கணக்கில் ஏறுகிறது. செத்த உடலை அவமதிக்கக் கூடாது என்பதற்குச் சீனாய் மலை அடிவாரத்தில் நின்றிருக்க வேண்டியதில்லை என்பது போல.

போரடித்தல் என்ற சொல்லில் ஒரு நிமிஷம் நிற்கலாம். நம் புறப்பாடல்களில் மறக்களவழி என்றொரு துறை உண்டு. போர்க்களத்தை நெற்களமாகவும், வென்ற வேந்தனை உழவனாகவும், பிணங்களைக் கதிர்ப்போராகவும் பாடுவது. அங்கே அது புகழ். பாடியவனுக்குப் பரிசில் கிடைக்கும். ஆமோஸிடம் அதே உருவகம் குற்றப்பத்திரிகையில் முதல் வரி.

இந்த நாடுகள் இதையெல்லாம் கேட்டனவா?

பெரும்பாலும் இல்லை. எபிரெயத்தில், எருசலேமிலோ பெத்தேலிலோ, உள்ளூர்க்காரர்களிடம் சொன்னவை இவை. கேட்கவேண்டியவன் உள்ளூர் அரசன். எகிப்தை நம்பி அசீரியாவுக்கு எதிராக எழும்பலாமா என்று யூதாவின் அரண்மனையில் யோசனை ஓடியபோது, ஏசாயா மூன்று வருஷம் வஸ்திரமும் பாதரட்சையும் இல்லாமல் நடந்தார் (அதிகாரம் 20). எகிப்தியரும் எத்தியோப்பியரும் இப்படித்தான் சிறையாகப் போவார்கள், அவர்களையா நம்புகிறீர்கள் என்பது செய்தி. எகிப்தைப் பற்றிய தீர்ப்பு என்று தலைப்பு, அறிவுரை எருசலேமுக்கு.

விதிவிலக்குகள் உண்டு. ஏதோம், மோவாப், அம்மோன், தீரு, சீதோன் அரசர்களின் தூதர்கள் எருசலேமுக்கு வந்திருந்தபோது எரேமியா நுகத்தடிகளைச் செய்து அவர்கள் கையிலேயே கொடுத்தனுப்பினார் (27). பாபிலோனுக்கு எதிராக எழுதிய சுருளைச் செராயா என்பவரிடம் கொடுத்து, அங்கே போய் வாசித்துவிட்டு, கல்லைக் கட்டி ஐபிராத்து நதியில் எறியச் சொன்னார் (51:59-64). யார் கேட்க வேண்டும் என்று அதில் ஒரு வார்த்தையும் இல்லை. சொல் அந்த ஊரின் தண்ணீருக்குள் இறங்கினால் போதும் என்று இருக்கிறது.

மற்ற தேசங்களிலும் இப்படிப்பட்டவை இருந்தனவா?

எதிரிகளைச் சபிப்பது எங்கும் இருந்தது. எகிப்தில் எதிரி நாடுகளின் பெயர்களை மண்கலங்களிலும் களிமண் உருவங்களிலும் எழுதி உடைத்திருக்கிறார்கள், கி.மு. இரண்டாம் ஆயிரத்தாண்டின் தொடக்கத்தைச் சேர்ந்த அந்த ஓடுகள் கிடைத்துள்ளன.

இன்னும் சுவையானது மோவாபிய அரசன் மேசாவின் கல்வெட்டு. 1868-இல் இன்றைய யோர்தானின் தீபானில் கண்டெடுக்கப்பட்டு, இப்போது பாரிஸின் லூவர் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. இஸ்ரவேல் ராஜா ஒம்ரி மோவாபை நெடுநாள் ஒடுக்கினான், ஏனென்றால் மோவாபின் தெய்வமான கேமோஷ் தன் தேசத்தின்மேல் கோபமாயிருந்தான் என்று மேசா எழுதுகிறான். தன் தெய்வமே தன் நாட்டின்மேல் கோபித்து எதிரியிடம் விட்டுக்கொடுக்கும் என்ற எண்ணம் எபிரெயருக்கு மட்டும் சொந்தமல்ல என்று இதிலிருந்து தெரிகிறது. ஆனால் மேசா இதை எழுதியது ஜெயித்த பிறகு. ஆமோஸ் பேசியது யெரொபெயாம் ஜெயித்துக்கொண்டிருந்தபோது. பெத்தேலின் ஆசாரியன் அமத்சியா அவனை ஊரைவிட்டுப் போகச் சொன்னதில் ஆச்சரியமில்லை.

அசீரியாவை அனுப்பியதும் கர்த்தர், தண்டிப்பதும் கர்த்தர். இது நியாயமா?

"என் கோபத்தின் கோல்" என்று ஏசாயா 10 அசீரியனை அழைக்கிறது. அதே மூச்சில் அவனுக்கு "ஐயோ" என்கிறது. எரேமியா ஒரு படி மேலே போய், எருசலேமைக் கொளுத்தப்போகிற நேபுகாத்நேச்சாரை "என் ஊழியக்காரன்" என்கிறார். ஏசாயா தருகிற விடை: அசீரியன் தன் வேலையைச் செய்யவில்லை, தன் ஆசையைச் செய்தான். சங்கரிப்பதே அவன் மனதில் இருந்தது. வெட்டுகிறவனுக்கு விரோதமாகக் கோடாலி மேன்மைபாராட்டலாமா என்று 15-ஆம் வசனம் கேட்கிறது.

இந்த விடை எல்லாருக்கும் போதவில்லை, வேதாகமத்துக்குள்ளேயே போதவில்லை. தன்னிலும் நீதிமானைத் துன்மார்க்கன் விழுங்கும்போது ஏன் மௌனமாயிருக்கிறீர் என்று ஆபகூக் நேராகவே வாதாடுகிறார். கல்தேயனுக்கும், அதாவது பாபிலோனியனுக்கும், முறை வரும், காத்திரு என்பதே அவருக்குக் கிடைத்த பதில். எனக்கும் இந்தக் கேள்வி தீர்ந்துவிட்டதாகச் சொல்லமாட்டேன்.

எரேமியா 25-இல் வரும் 'சேசாக்கு' எந்த நாடு?

பாபிலோன்தான். எபிரெய எழுத்துகளில் முதலுக்குக் கடைசி, இரண்டாவதற்குக் கடைக்கு முந்தியது என்று மாற்றி எழுதும் 'அத்பாஷ்' முறைப்படி 'பாபேல்' என்பது 'சேசாக்கு' ஆகும். அந்த அதிகாரத்தில் உக்கிரத்தின் கிண்ணம் ஒவ்வொரு நாடாகச் சுற்றிவருகிறது. முதலில் குடிக்கிறது எருசலேம். கடைசியில் குடிக்கிறவன் சேசாக்கின் ராஜா.

ஏதோம்மேல் மட்டும் ஏன் இவ்வளவு கோபம்?

அண்ணன் தம்பிச் சண்டை. ஏதோம் ஏசாவின் வழி, இஸ்ரவேல் யாக்கோபின் வழி. பாபிலோனியரிடம் எருசலேம் விழுந்தபோது (கி.மு. 587 அல்லது 586) ஏதோம் எட்ட நின்று பார்த்தது, பிறகு கொள்ளையில் கைவைத்தது, தப்பியோடியவர்களை வழிச்சந்தியில் மறித்துக் காட்டிக்கொடுத்தது என்கிறது ஒபதியா. யூதாவின் ஆராத் கோட்டையில் கிடைத்த, மண்பாண்ட ஓட்டில் எழுதிய அக்காலக் கடிதம் ஒன்று, ஏதோமியர் வந்துவிடாதபடி ஆட்களை அனுப்பச் சொல்லி அவசரப்படுத்துகிறது. பங்காளி செய்தது பகைவன் செய்ததைவிட நெடுநாள் வலிக்கும். நம் ஊரில் இதற்கு விளக்கம் தேவையில்லை.

சொன்னதெல்லாம் அப்படியே நடந்ததா?

சில நடந்தன, சில வேறு மாதிரி நடந்தன, சில நடக்கவில்லை. 'எழுத்துக்கு எழுத்து நிறைவேறியது' என்று பட்டியல் போடுகிற கைப்பிரதிகள் தீருவை எப்போதும் முதலில் வைக்கும். அதனால் தீருவையே எடுத்துக்கொள்வோம்.

தீரு கரைக்குச் சற்றுத் தள்ளி இருந்த தீவு நகரம். எசேக்கியேல் 27 அதை ஒரு கப்பலாகவே பாடுகிறது: தர்ஷீசின் வெள்ளி, இரும்பு, தகரம், ஈயம், யானைத்தந்தம், கருங்காலி என்று சரக்குப் பட்டியலோடு. 26-ஆம் அதிகாரம் நேபுகாத்நேச்சார் வந்து அதை இடிப்பான் என்கிறது. அவன் வந்தான், பதின்மூன்று வருஷம் முற்றுகையிட்டான் என்று யூத வரலாற்றாசிரியர் யோசேபஸ் எழுதுகிறார். ஆனால் அவன் நினைத்த கொள்ளை கிடைக்கவில்லை. இதை நாத்திகர் யாரும் கண்டுபிடிக்க வேண்டியதில்லை. எசேக்கியேலே 29:17-20-இல் எழுதிவைத்திருக்கிறார். சேனையின் தலைகள் மொட்டையாகித் தோள்கள் தோலுரிந்தும் கூலி கிடைக்கவில்லை, ஆகவே அதற்குப் பதிலாக எகிப்தைத் தருகிறேன் என்கிறது அந்தப் பகுதி. முன்னால் சொன்னதை அழித்துவிடாமல், பின்னால் நடந்ததையும் பக்கத்தில் எழுதிவைத்த நேர்மை அது.

பிறகு கி.மு. 332-இல் அலெக்சாந்தர் வந்தான். கரையிலிருந்த பழைய ஊரின் இடிபாடுகளைக் கடலில் தள்ளித் தீவுவரை பாதை போட்டு, ஏழு மாதத்தில் பிடித்தான். கல்லும் மரமும் மண்ணும் தண்ணீரில் போடப்படும் என்ற 26:12-ஐ வாசித்தால் உடம்பு சிலிர்க்கத்தான் செய்யும். ஆனால் "இனிக் கட்டப்படாய்" என்ற வரியும் அங்கேதான் இருக்கிறது. லெபனானின் சூர் நகரம் இன்றும் மக்கள் வாழும் ஊர்.

பாபிலோன் சோதோம் போலக் கவிழும் என்றது ஏசாயா 13. கி.மு. 539-இல் பெர்சிய ராஜா கோரேசின் படை சண்டையில்லாமல் உள்ளே போனது என்று பாபிலோனிய நாளேடே சொல்கிறது. 323-இல் அலெக்சாந்தர் இறந்ததும் அதே நகரத்தில்தான். அது மெதுவாகத்தான் ஆளரவம் இழந்தது. நினிவே மட்டும் சொன்ன வேகத்தில் விழுந்தது: கி.மு. 612, மேதியரும் பாபிலோனியரும் சேர்ந்து.

எரேமியா 18:7-10 இதற்கெல்லாம் ஒரு பொது விதியைத் தருகிறது. பிடுங்குவேன் என்று சொல்லப்பட்ட ஜாதி திரும்பினால் நானும் மனம் மாறுவேன். எரேமியாவைக் கொல்லவேண்டும் என்று கூட்டம் எழுந்தபோது அவர் உயிரைக் காப்பாற்றியதும் இந்த வாதம்தான். எருசலேம் மண்மேடாகும் என்று முன்னே மீகா தீர்க்கதரிசி சொன்னார், எசேக்கியா ராஜா பயந்து வேண்டினான், அந்தத் தீங்கு வரவில்லை. மீகாவை யாராவது கொன்றார்களா என்று மூப்பர்கள் கேட்டார்கள் (26:17-19). நடக்காமல் போன தீர்க்கதரிசனத்தைப் பொய் என்று அவர்கள் எண்ணவில்லை.

எதிரி அழிவதைப் பார்த்துச் சந்தோஷப்படுகிறார்களா?

நாகூம் சந்தோஷப்படுகிறார், மறைக்க வேண்டாம். "இரத்தப்பழிகளின் நகரத்துக்கு ஐயோ" என்று அவர் பாடுவது பழிதீர்ந்தவனின் பாட்டு. லண்டன் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில், நினிவேயில் அசீரிய ராஜா சனகெரிப்பின் அரண்மனைச் சுவரிலிருந்து எடுத்த லாகீஸ் புடைப்புச் சிற்பங்கள் இருக்கின்றன. கி.மு. 701-இல் அந்த யூதா நகரத்தைப் பிடித்த காட்சி. கழுவில் ஏற்றப்பட்ட ஆட்கள், மூட்டை முடிச்சோடு வண்டியில் போகும் பெண்களும் பிள்ளைகளும். அதை ஓர் அரசன் தன் சுவருக்கு அலங்காரமாக வைத்திருந்தான். அதைப் பார்த்தபின் நாகூமின் தொனி குறித்து நமக்கு அவ்வளவு கூச்சம் வராது.

மறுபக்கமும் உண்டு. மோவாபின் அழிவைச் சொல்லவந்த ஏசாயா, பாதியிலேயே அழத் தொடங்குகிறார். சிப்மா ஊர்த் திராட்சச்செடிக்காக அழுவேன் என்கிறார். மோவாபினிமித்தம் என் குடல்கள் சுரமண்டலம்போல் தொனிக்கிறது என்கிறார் (16:9-11). எரேமியாவும் 48-இல் கிட்டத்தட்ட அதே வரிகளில் அழுகிறார். தீர்ப்பை வாசிக்கிறவனே ஒப்பாரி வைக்கிறான்.

நாடுகளுக்கு மீட்பே இல்லையா?

இருக்கிறது, எதிர்பாராத இடங்களில். மோவாப், அம்மோன், ஏலாம் ஆகியவற்றின் சிறையிருப்பைத் திருப்புவேன் என்று எரேமியாவின் தீர்ப்புகள் முடிகின்றன. எல்லாவற்றுக்கும் மேலே நிற்பது ஏசாயா 19-இன் கடைசி. எகிப்திலிருந்து அசீரியாவுக்குப் பெரும்பாதை போகும். இஸ்ரவேல் மூன்றாவதாகச் சேரும். என் ஜனமாகிய எகிப்தும், என் கரத்தின் கிரியையாகிய அசீரியாவும், என் சுதந்தரமாகிய இஸ்ரவேலும் ஆசீர்வதிக்கப்படும். இஸ்ரவேலுக்கு மட்டுமே வைத்திருந்த பட்டங்கள் இரண்டு கொடுங்கோன்மைகளுக்குப் பகிரப்படுகின்றன. பழைய கிரேக்க மொழிபெயர்ப்பாளர்களுக்கே இது தொண்டையில் சிக்கியிருக்கிறது போலும். எகிப்திலும் அசீரியரிடத்திலும் இருக்கிற என் ஜனம் என்று திருப்பிவிட்டார்கள்.

கோகும் மாகோகும் ரஷ்யாதானே? தமஸ்கு, காத்சா பற்றிச் செய்தியில் வருவதெல்லாம்?

யூடியூப் இல்லாத காலத்திலேயே இது இருந்தது. 1909-இல் வந்த ஸ்கோபீல்டு குறிப்புரை வேதாகமம் இந்த ரஷ்ய விளக்கத்தைப் பரவலாக்கியது. எசேக்கியேல் 38-இல் கோகின் பட்டத்தில் வரும் 'ரோஷ்' என்பதைத்தான் ரஷ்யா என்கிறார்கள். அது எபிரெயத்தில் 'தலை', 'தலைமை' என்று பொருள்படும் சாதாரணச் சொல். மேசேக்கும் தூபாலும் இன்றைய துருக்கிப் பகுதியில் இருந்த நாடுகள். அசீரியக் கல்வெட்டுகளில் 'முஷ்கி', 'தபால்' என்று இருக்கின்றன. மேசேக்கு என்றால் மாஸ்கோ என்பது காதுக்கு ஒலித்த ஒற்றுமை, அவ்வளவுதான்.

தமஸ்கு பாழான மண்மேடாகும் என்ற ஏசாயா 17-க்குப் பின்னணி, கி.மு. 732-இல் அசீரிய ராஜா மூன்றாம் திக்லாத்பிலேசர் அந்த நகரைப் பிடித்தது. ஆமோஸின் காத்சா பெலிஸ்தரின் நகரம். அந்தப் பெலிஸ்தர் பாபிலோனியப் படையெடுப்புகளுக்குப் பின் தனி மக்களாக வரலாற்றில் தொடரவில்லை. அவர்களுடைய அஸ்கலோன் கி.மு. 604-இல் அழிந்தது. இன்று காசாவில் சாகிற பிள்ளைகளைக் காட்டி 'தீர்க்கதரிசனம் நிறைவேறுகிறது' என்று சொல்கிறவர், ஆமோஸ் எதற்காகக் காத்சாவைத் தண்டித்தான் என்ற வசனத்தை இன்னொரு தடவை வாசிக்கட்டும்.

யோசபாத்தின் பள்ளத்தாக்கு எங்கே இருக்கிறது?

யோவேல் 3-இல் எல்லா ஜாதிகளும் கூட்டப்படும் இடம். 'யோசபாத்' என்றால் 'கர்த்தர் நியாயந்தீர்க்கிறார்' என்று பொருள். ஆகவே அது இடப்பெயரைவிட ஒரு குறிப்புப் பெயராக இருக்கலாம். பின்னாளில் மரபு அதை எருசலேமுக்குக் கிழக்கே கீதரோன் பள்ளத்தாக்கோடு இணைத்தது. அந்தச் சரிவுகளில் யூதக் கல்லறைகளும் இஸ்லாமியக் கல்லறைகளும் எதிரெதிரே இருக்கின்றன.

ஏசாயா 14 சாத்தானின் வீழ்ச்சியா?

அதிகாரத்திலேயே "பாபிலோன் ராஜா" என்று எழுதியிருக்கிறது. வானத்திலிருந்து விழுந்ததாக அங்கே அந்த ராஜாவை 'விடிவெள்ளி' என்று அழைக்கிறது. சாத்தானின் பெயராகிப்போன 'லூசிபர்' அந்த 'விடிவெள்ளி'க்கு லத்தீன் சொல்.

நாகூமும் யோனாவும் ஒரே நினிவேயைப் பற்றி நேர்மாறாகப் பேசுகின்றனவே, எதை எடுத்துக்கொள்வது?

இரண்டையும் ஒரே மாலையில் வாசித்துப் பாருங்கள். இரண்டும் சேர்ந்து ஏழே அதிகாரம். இரண்டுமே கேள்வியோடு முடிகின்றன. உன் கொடுமை யார்மேல்தான் பாயவில்லை என்று நாகூம் நினிவேயைக் கேட்கிறார். வலதுகைக்கும் இடதுகைக்கும் வித்தியாசம் அறியாத இலட்சத்து இருபதினாயிரம் பேருக்கு அதிகமான மனுஷரும் அநேக மிருகஜீவன்களும் இருக்கிற நினிவேக்காக நான் பரிதபிக்கக் கூடாதா என்று யோனாவிடம் கர்த்தர் கேட்கிறார். யூதர்கள் பாவநிவாரண நாளின் பிற்பகலில், நோன்போடு ஜெபாலயத்தில் இருக்கும்போது, யோனாவைத்தான் முழுவதுமாக வாசிக்கிறார்கள்.